தண்ணித் தொட்டியில் ஒரு வீரன்

காலாண்டுப் பரீட்சை லீவில் ஒரு மத்தியானம். மொட்டை மாடியில் டியூஷன் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். கீழே புறவாசலில் சத்தமே இல்லை. ஒன்பது வயதுப் பையன் இருக்கிற வீட்டில் சத்தம் இல்லையென்றால் இறங்கிப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது. போனேன். சிமெண்டுத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சின்னவன் தலையைத் தண்ணீருக்குள் முக்கியிருந்தான். முதுகுச் சட்டைக்குள் பெரிய ஸ்கேல் ஒன்று வாள் மாதிரி செருகியிருந்தது. எதிர்வீட்டுப் பையன் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான்: "முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது..."

முடியைப் பிடித்து வெளியே இழுத்தேன். மூஞ்சி சிவந்து, மூக்கில் தண்ணீர் ஒழுக, கோபத்தோடு பார்த்தான்.

"கெடுத்துட்டியேம்மா. வாட்டர் ப்ரீத்திங் பழகிட்டு இருக்கேன்லா!"

அவனுடைய அப்பா சங்கு குளிக்கிறவர். எங்கள் தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் தெருவுக்கு நாலு பேர் அந்தத் தொழிலில் உண்டு. இன்றைக்குக் கம்ப்ரசரும் குழாயும் வந்துவிட்டன. எங்கள் வீட்டுத் தாத்தா காலத்தில் காலில் கல்லைக் கட்டி, மூச்சடக்கித்தான் இறங்குவார்கள். சாயங்காலம் அவர் வந்ததும் சொன்னேன், சிரிப்பார் என்று நினைத்து. சிரிக்கவில்லை. பையனைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"ஏல, முக்குறதுக்கு முன்னால வேகவேகமா மூச்சு இழுத்து விட்டியா?"

"ஆமாப்பா. தன்ஜிரோ அப்படித்தான செய்வான்."

அவர் முகம் மாறிவிட்டது. வேகவேகமாகப் பலமுறை மூச்சு வாங்கிவிட்டு அடக்கினால், உடம்பில் கரியமிலவாயு குறைந்துபோகும். மூச்சு முட்டுகிற உணர்வே வராது. ஆக்சிஜன் தீர்ந்ததும் தெரியாது. முன்னறிவிப்பு இல்லாமல் மயங்கிவிடுவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில்கூட இப்படி உயிர் போகும். "நல்லா நீச்சல் தெரிஞ்ச ஆளுதான் இதுல போவான்" என்றார். அந்த ராத்திரி நான் சரியாகத் தூங்கவில்லை.

அந்தக் கரிக்காரப் பையன் யார்?

சின்னவன் சொன்ன தன்ஜிரோ, 'டீமன் ஸ்லேயர்' என்ற ஜப்பானிய அனிமே தொடரின் நாயகன். மலைக்காட்டில் கரி விற்றுப் பிழைக்கிற சிறுவன். ஒருநாள் ஊருக்குள் போய்விட்டுத் திரும்பினால், வீட்டில் எல்லோரையும் ஓர் அரக்கன் கொன்றுபோட்டிருக்கிறான். உயிரோடு இருக்கிற ஒரே தங்கச்சியும் அரக்கியாக மாறிவிட்டாள். அவளைத் திரும்ப மனுஷியாக்க, இவன் வாள் பழகி அரக்கர்களை வேட்டையாடுகிறான். அவன் கற்கிற வித்தையின் பெயர்தான் 'நீர் சுவாசம்'. வாளை ஓங்குவதற்கு முன் மூச்சை ஒழுங்குபடுத்துகிற முறை அது. தண்ணீருக்குள் தலையை முக்குவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சங்குகுளிகாரர் மகனுக்கு 'தண்ணீர்', 'மூச்சு' என்று இரண்டு வார்த்தை காதில் விழுந்தால் வேறு என்ன தோன்றும்?

கோயோஹாரு கொடோகே என்பவர் 2016 முதல் 2020 வரை ஒரு வாரப் பத்திரிகையில் வரைந்த படக்கதை இது, 23 தொகுதிகள். 2019 ஏப்ரலில் தொலைக்காட்சித் தொடராக வந்தது. 2020இல் வந்த 'முகன் ரயில்' படம் அதுவரை வந்த ஜப்பானியப் படங்களிலேயே அதிக வசூல் செய்தது. 2025 செப்டம்பர் 12 அன்று 'இன்ஃபினிட்டி காஸில்' படம் தமிழ்க் குரலோடு இங்கேயும் தியேட்டர்களுக்கு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் மரப்பலகைக்கும் துடுப்புக் கம்புக்கும் பஞ்சம்.

தொட்டிச் சம்பவத்துக்கு மறுநாள், போனைப் பிடுங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிடுங்கினால் எதிர்வீட்டில் பார்ப்பான். 'அனிமே பார்க்கலாமா, கூடாதா' என்று அம்மாக்கள் குழுவில் கேட்டேன். "பொம்மைப் படம்தானே" என்றார் ஒருவர். "பேய்ப் படம், வேண்டவே வேண்டாம்" என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் பார்த்ததில்லை. சரி, நானே பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். முதல் பருவம் 26 எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 நிமிடம். பத்து மணி நேரத்துக்கு மேல். ஒரு வாரம் ஆனது.

பொம்மை என்றால் குழந்தைக்கு என்ற நினைப்பு

முதலில் எனக்கு நானே திருத்திக்கொண்டது இது: அனிமே என்பது வரைகிற முறை. அதில் மழலைக் கதையும் உண்டு, பெரியவர்களுக்கான கதையும் உண்டு. ஜப்பானில் படக்கதைப் பத்திரிகைகளே ஆள் பார்த்துத்தான் வருகின்றன. 'ஷோனென்' என்றால் பையன்களுக்கு, 'செய்னென்' என்றால் வளர்ந்த ஆண்களுக்கு. நம் வீடுகளில் பால் குடிக்கிற பிள்ளைக்குப் போட்டுவிடுகிற 'ஷின்-சான்', 1990இல் பெரியவர்கள் வாசிக்கிற ஒரு பத்திரிகையில் தொடங்கிய கதை. 'டீமன் ஸ்லேயர்' பையன்களுக்கான பத்திரிகையில் வந்ததுதான்; ஆனால் டிவியில் அது ஓடியது ராத்திரி 11 மணிக்கு மேல். அந்த நேரத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடுகிறது.

2021இல் இதன் அடுத்த பகுதியின் கதை, பழைய தோக்கியோவின் யோஷிவாரா என்ற தாசித் தெருவில் நடக்கிறது என்று தெரிந்ததும், "இது என்ன இடம்னு பிள்ளை கேட்டா என்ன சொல்றது?" என்று ஜப்பானியப் பெற்றோரிடையே பெரிய விவாதம் நடந்தது. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

சான்றிதழ் பார்த்து முடிவு செய்யலாமே என்பீர்கள். 'முகன் ரயில்' படத்துக்கு ஜப்பானில் 'பிஜி 12': பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம். அதே படத்துக்கு அமெரிக்காவில் 'ஆர்': பதினேழு நிரம்பாதவர்கள் பெரியவர் துணையில்லாமல் தியேட்டருக்குள் போகமுடியாது. ஒரே படம், ஒரே ரத்தம். நடுவில் ஐந்து வயது வித்தியாசம்.

நம் நாட்டில் 2023இல் சினிமாச் சட்டத்தைத் திருத்தி, 'யு/ஏ' சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். அந்த எண் பெற்றோருக்குச் சொல்கிற யோசனை. வாசலில் யாரும் வயது கேட்டுத் தடுக்கமாட்டார்கள். 'ஏ' மட்டும்தான் தடை. ஓடிடி தளங்களுக்கு 2021 விதிகள் இருக்கின்றன. தளமே தன் தொடருக்கு வயது போட வேண்டும், வன்முறையா, கெட்ட வார்த்தையா என்று காரணமும் காட்ட வேண்டும், 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி கொடுக்க வேண்டும். இந்தப் பூட்டைப் பற்றி எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் போன வருஷம்வரை தெரியாது.

ஆனால் என் மகன் எந்த ஓடிடியிலும் பார்க்கவில்லை. அவன் அப்பா போனில், யூடியூபில், 'தமிழ் விளக்கம்' என்று ஒருவர் மூச்சுவிடாமல் கதை சொல்கிற இருபது நிமிட வீடியோவில் பார்த்திருக்கிறான். அதற்குச் சான்றிதழும் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. அந்த வீடியோவையும் பார்த்தேன். சண்டை எல்லாம் இருந்தது. அழுகை எல்லாம் வெட்டப்பட்டிருந்தது.

ஒரு வாரம் பார்த்ததில்

அந்த அழுகையில்தான் கதையே இருக்கிறது. தொடக்கத்திலேயே ஒரு காட்சி. உடம்பெல்லாம் கைகளாக முளைத்த ஓர் அரக்கன், பல சிறுவர்களைத் தின்றவன். தன்ஜிரோ அவன் தலையை வெட்டிவிடுகிறான். சாம்பலாகிக்கொண்டிருக்கும் அந்தக் கைகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, 'அடுத்த பிறவியில் இவன் அரக்கனாகப் பிறக்கக் கூடாது' என்று வேண்டிக்கொள்கிறான். எங்கள் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டோடு நின்று அதைப் பார்த்தார். "இவன் நல்ல பையனாத்தாம் புள்ள இருக்கான்" என்றார்.

எனக்குத் திருச்செந்தூர் ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கூட்டுக்காரியோடு சூரசம்ஹாரம் பார்க்கப் போயிருக்கிறேன். லட்சக்கணக்கான ஜனம், அப்பாக்களின் தோளில் பிள்ளைகள். யானைத் தலை விழுகிறது, சிங்கத் தலை விழுகிறது, சூரன் தலை விழுகிறது. கடைசியில் அந்தச் சூரனே மயிலும் சேவலுமாகி முருகனிடம் சேர்ந்துவிடுகிறான். எங்கள் மாதா கோயில்களிலும் மிக்கேல் சம்மனசு சாத்தானை மிதித்துக்கொண்டு ஈட்டியோடு நிற்கிறார். வெட்டும் குத்தும் நம் பிள்ளைகளுக்குப் புதிது என்று நான் சொன்னால் அது பொய். என்ன வித்தியாசம் என்றால், சூரசம்ஹாரம் வருஷத்துக்கு ஒருநாள், அப்பா தோளில் உட்கார்ந்து, ஊரோடு பார்ப்பது. இது தினமும், போர்வைக்குள், தனியாக. ஒன்று முடிந்தால் அடுத்தது தானாகவே ஓடுகிறது.

எனக்கு உறுத்திய இடங்கள் வேறு. தன்ஜிரோவின் கூட்டாளி ஒருவன், ஜெனிட்சு, வழியில் பார்த்த பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு கல்யாணம் பண்ணிக்கொள் என்று விடாமல் கதறுகிறான். அவள் வேண்டாம் என்கிறாள். அது நகைச்சுவை என்று காட்டப்படுகிறது. ரத்தம் தெறித்தால் பிள்ளையின் கண்ணைப் பொத்துகிறோம். இதற்குச் சேர்ந்து சிரித்துவிடுகிறோம்.

'முகன் ரயில்' படத்தில் இருப்பது அதைவிட ஆபத்து. ஓர் அரக்கன் பயணிகளை எல்லாம் கனவில் ஆழ்த்துகிறான். அதிலிருந்து விழிக்க, கனவுக்குள்ளேயே தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொள்ள வேண்டும் என்று தன்ஜிரோ கண்டுபிடிக்கிறான். அதைத் திரும்பத் திரும்பச் செய்கிறான். ஒருமுறை எது கனவு, எது நிஜம் என்று குழம்பி, நிஜத்திலேயே கழுத்தில் வாளை வைத்துவிடுகிறான். கூட்டாளி கையைப் பிடித்துத் தடுக்கிறான். அந்த ஆபத்து கதை எழுதியவருக்கே தெரிந்திருக்கிறது. தொட்டியில் தலையை முக்கிய பிள்ளையைப் பெற்ற நான் அந்த இடத்தில் டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வயது தெரிந்த பிள்ளை, வலி தெரியாத பிள்ளை

என் மூத்தவளுக்குப் பதின்மூன்று. 2018 மே 22 அன்று அவளுக்கு ஆறு வயது. தூத்துக்குடியில் அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஒருவர் எங்கள் திரேஸ்புரத்துப் பெண். அன்றைக்கு ஊரில் கேட்ட சத்தமும் ஓட்டமும் அவளுக்குள் எங்கேயோ தங்கிவிட்டன. அந்த வருஷத் தீபாவளிக்குப் பட்டாசு வெடித்தபோது அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இன்றைக்கு வாள் சண்டையை அசையாமல் பார்க்கிறாள். துப்பாக்கி சுடுகிற காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடுகிறாள்.

டியூஷனில் ஒரு பிள்ளை உண்டு. கடலுக்குப் போன அப்பா வரவில்லை. அதற்கும் வயது பதின்மூன்றுதான். வெளியே போன பையன் திரும்பி வரும்போது வீடே இல்லை என்று தொடங்குகிற கதையை, அந்தப் பிள்ளையும் என் மகளும் ஒரே மாதிரி பார்ப்பார்களா? 13+ என்று வயது போட்டவருக்கு இவர்கள் இருவரையும் தெரியாது. தெரிந்தவர்கள் நாம்தான். ஒரு வாரம் பார்த்து நான் கண்டுபிடித்தது இவ்வளவே: 'பிள்ளைகளுக்கு ஏற்றதா' என்று பொதுவில் கேட்டால் பதில் கிடைக்காது, 'என் பிள்ளைக்கு ஏற்றதா' என்று கேட்டால் கிடைக்கும்.

நான் கேட்டுக்கொள்கிற நாலு கேள்வி

முதல் கேள்வி, இதில் என் பிள்ளை காப்பியடிக்கக்கூடியது எது? மந்திர வாள் அவனுக்குக் கிடைக்காது. மூச்சு கிடைக்கும், கயிறு கிடைக்கும், தொட்டி கிடைக்கும், எங்கள் வீட்டில் மீன் அரிகிற கத்தியும் கிடைக்கும். மலையோரத்துப் பிள்ளைக்கு இந்தப் பட்டியல் வேறு. நாங்கள் சிறுபிள்ளையாக இருந்தபோது 'சக்திமான்' பார்த்து, அவர் வந்து காப்பாற்றுவார் என்று பிள்ளைகள் குதித்ததாகச் செய்திகள் வந்தன. நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, இப்படிச் செய்யாதீர்கள் என்று சொன்னார்.

இரண்டாவது, அடிக்கு விலை உண்டா? 1961இல் ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் ரப்பர் பொம்மையை அடிப்பதை மழலைப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்தார்கள். தனியே விட்டதும் அதே மாதிரி அடித்தார்கள். பின்னால் 1965இல் இன்னொன்று: அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகவே காப்பியடித்தார்கள். அடிபட்டவனுக்கு வலிக்கிறதா, செத்தவனுக்காக யாராவது அழுகிறார்களா, அடித்தவன் அதற்குப் பதில் சொல்கிறானா என்று இப்போது பார்க்கிறேன். இந்தக் கணக்கில் 'டீமன் ஸ்லேயர்' தேறுகிறது. அதன் இருபது நிமிட விளக்க வீடியோ தேறாது.

மூன்றாவது, சிரிப்புக் காட்சியில் என்ன இருக்கிறது? 'நருட்டோ' பள்ளிப் பையன்களின் செல்லத் தொடர். அதன் முதல் எபிசோடிலேயே நாயகன் வாத்தியாரை ஏமாற்ற, உடையில்லாத பெண்ணாக உருமாறி நிற்கிறான். சண்டைக்குப் பயந்து காத்திருந்தால் இதைத் தவறவிட்டுவிடுவோம்.

நாலாவது, பக்கத்தில் யார்? தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அந்தக் காலத்தில் குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்க மச்சானைத்தான் விடுவார்களாம். கூடப்பிறந்தவள் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. கீழே கயிறு அசைந்ததும் இழுக்க வேண்டும். நேரமானால் அசையாவிட்டாலும் இழுக்க வேண்டும். பிள்ளை பார்க்கும்போது நாம் பக்கத்தில் இருந்தால், எந்த இடத்தில் நிறுத்துவது, எந்த இடத்தில் 'ஏன் இவன் இப்படிச் செஞ்சான்?' என்று கேட்பது என்று தெரியும். அடுப்படியிலிருந்து 'போதும் நிறுத்துல' என்று கத்துவது கயிறு பிடிப்பதில் சேராது.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் 'போக்கிமான்' எபிசோடு ஒன்றில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மாறி மின்னியதில் 685 பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் வெளிச்சமான அறையில், டிவியைவிட்டுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்று அங்கே திரையிலேயே எழுதிக் காட்டத் தொடங்கினார்கள். வலிப்பு வந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இதில் விளையாட வேண்டாம், டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மற்ற வீடுகளிலும், போர்வைக்குள் போன் என்கிற பழக்கத்துக்கு இது ஒன்றே போதும் முற்றுப்புள்ளி வைக்க.

எங்கள் வீட்டுத் தீர்ப்பு

மூத்தவளுக்கு 'டீமன் ஸ்லேயர்' முதல் பருவம் சரி. நடு வீட்டில், விளக்கைப் போட்டுக்கொண்டு, நாளைக்கு இரண்டு எபிசோடு. 'முகன் ரயில்' என்னோடு சேர்ந்துதான் பார்த்தாள். கழுத்தறுக்கும் இடத்தில் நிறுத்திப் பேசினோம். "கனவுல செத்தா முழிச்சுக்கலாம், நிஜத்துல முழிக்க முடியாதுன்னுதானம்மா அந்தக் கூட்டாளி தடுக்கான்" என்று அவளே சொன்னாள். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை. 'அட்டாக் ஆன் டைட்டன்' வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதல் எபிசோடிலேயே மகன் கண்ணெதிரே தாயை ஒரு ராட்சசன் தின்கிறான். 'டெத் நோட்'டில் வெட்டுக்குத்து குறைவு. ஆனால் பெயரை எழுதினால் ஆள் சாவான் என்கிற கதை. அதற்கு இன்னும் மூன்று நாலு வருஷம் போகட்டும்.

சின்னவனுக்கு 'டீமன் ஸ்லேயர்' இப்போது கிடையாது. பதினொன்று பன்னிரண்டு வயதில் மறுபடி யோசிக்கலாம் என்று அவனிடமே காரணத்தோடு சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. பதிலுக்கு 'ஒன் பீஸ்' தொடங்கியிருக்கிறோம், எல்லோரும் சேர்ந்து. அதிலும் அடிதடி உண்டு, சமையல்காரன் ஓயாமல் பீடி மாதிரி ஒன்றை ஊதுகிறான். அமெரிக்க டிவியில் 2004இல் காட்டியபோது அவன் வாயிலிருந்த சிகரெட்டைக் குச்சி மிட்டாயாக மாற்றி வரைந்துவிட்டார்கள். கடற்கொள்ளைக்காரனாகப் புறப்பட்ட நாயகன் லூஃபிக்கு, ஒரு மாயப் பழம் தின்ற சாபத்தால் நீச்சல் வராது. கடலில் விழுந்தால் கல்லாய் மூழ்குவான், யாராவது குதித்துத் தூக்க வேண்டும். சின்னவன் அப்பாவைப் பார்த்துக் கேட்டான்:

"நீஞ்சத் தெரியாதவன்லாம் வள்ளத்துல ஏறலாமாப்பா?"

"கூட இருக்கவனுக்குத் தெரிஞ்சா ஏறலாம்ல" என்றார் அவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தொழில் இல்லாத நாள், அவனைக் கரையோரமாகக் கூட்டிக்கொண்டு போய், மூச்சை எப்படி இழுப்பது, எப்போது மேலே வருவது, ஏன் தனியாக முக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார். புறவாசல் தொட்டிக்குத் தகர மூடி போட்டாயிற்று. டிவிக்கும் இரண்டு போனுக்கும் பின் நம்பர் போட்டாயிற்று.

உங்கள் வீட்டிலும் இந்த வாரம் ஒரு பிள்ளை ஏதாவது தொடரின் பெயரைச் சொல்லிக் கெஞ்சும். சரி என்றோ கூடாது என்றோ சொல்வதற்கு முன்னால் முதல் எபிசோடை நீங்கள் பாருங்கள். 24 நிமிடம்தான். ஒரு மீன்குழம்பு கொதித்து இறங்குகிற நேரம்.